கலப்பின நாய் வளர்ப்பு: கம்பம், குமுளிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில், மலைமேல் கேரள எல்லையிலுள்ள குமுளிக்குப் போகும் சாலையை ஒட்டிய தெருவில் என் வீடு. விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும்; சாயங்காலம் இறங்கும். அவற்றில் போய்வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் கேள்வி கேட்பவர்கள். தாயை இழந்த குட்டிகளையும், வேண்டாம் என்று சாக்கில் கட்டிப் போடப்பட்ட குட்டிகளையும் தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சந்தேகங்கள் ஒன்றுதான். வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

அக்கா, கலப்பின நாய் என்றால் தெரு நாய்தானே?

இல்லை. தெரு நாய் என்பது அது வாழும் இடத்தைச் சொல்கிறது, பிறப்பைச் சொல்லவில்லை. விலை கொடுத்து வாங்கிய நாயைத் தெருவில் விட்டாலும் அது தெரு நாய்தான். நாட்டு நாய் என்பது வேறு. யாரும் தேர்ந்தெடுத்து இணை சேர்க்காமல், இந்த மண்ணின் வெயிலுக்கும் பசிக்கும் ஈடுகொடுத்துத் தலைமுறை தலைமுறையாக வந்த பழைய இனம் அது. இரண்டு இனங்கள் சேர்ந்தோ, ஒரு இனமும் நாட்டு நாயும் சேர்ந்தோ பிறப்பது கலப்பினம்.

நம் பக்கத்தில் மூன்று கலப்புகளை அதிகம் பார்க்கிறேன். உத்தமபாளையத்துக்கு அருகில் கோம்பை இருக்கிறது. அந்த ஊரின் பெயரையே கொண்ட செவலை நிற, கருத்த வாய் நாய்க்கும் நாட்டு நாய்க்கும் பிறந்தவை ஒரு வகை. லாப்ரடார் கலப்பு இன்னொன்று. வீட்டுக்குள் வளர்த்த பொமரேனியன், கதவு திறந்திருந்த ஒரு நாளில் வெளியே போய்வந்ததால் பிறந்தவை மூன்றாவது.

ஜாதி நாயே கிடைக்கும்போது எதற்குக் கலப்பை எடுத்து வளர்க்க வேண்டும்?

முதலில் அந்த ‘ஜாதி’ என்ற சொல்லை விடுங்கள். மனிதர்களைப் பிரிக்கப் பயன்படுத்தி நாம் பட்ட பாடு போதும்; நாய்க்கும் அது வேண்டாம். ‘இனம்’ என்று சொன்னால் போதுமானது.

தூய இன நாய் ஒன்றைப் பார்த்தால் அதே இனத்தில் இன்னொன்று எப்படியிருக்கும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். கலப்பினத்தில் அப்படி இல்லை. என் வீட்டில் பதினான்கு வருடம் இருந்த செவலைக்கு வலது காது நிமிர்ந்து நிற்கும், இடது காது பாதியில் மடிந்திருக்கும். முதுகில் கோம்பையின் நிறம். மார்பில் யாரோ சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளை. மழை வரும் முன் வெளியே காயும் துணிக்குக் கீழே போய் நின்று என்னைப் பார்க்கும். அதைப் போல இன்னொன்றை இதுவரை நான் பார்க்கவில்லை. கலப்பின நாயை வளர்ப்பவர்கள் எல்லாரும் இதையே சொல்வார்கள். எல்லாரும் சொல்வது உண்மைதான்.

உலகம் அறிந்த நாய்களில் சில கலப்பினங்களே. 1957 நவம்பர் 3ஆம் தேதி ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் அனுப்பப்பட்ட லைகா, மாஸ்கோ தெருவில் பிடிக்கப்பட்ட நாய். அது உயிரோடு திரும்பவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். 1960 ஆகஸ்டில் போன பெல்காவும் ஸ்த்ரெல்காவும் பத்திரமாகத் திரும்பின. ஸ்த்ரெல்காவின் குட்டி புஷின்கா, அடுத்த வருடம் அமெரிக்க அதிபர் கென்னடி வீட்டுக்குப் பரிசாகப் போய், அங்கிருந்த டெரியர் நாயோடு சேர்ந்து நான்கு குட்டிகள் போட்டது.

கலப்பினத்துக்கு நோயே வராது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்துக்கொண்டு போனால் பரம்பரைக் குறைகள் குட்டிகளில் சேர்ந்துவிடுகின்றன. பக் நாய் மூச்சுக்குத் திணறுவதையும், ராஜபாளையம் குட்டிகளில் சில காது கேளாமல் பிறப்பதையும் நாம் பார்க்கிறோம். கலப்பில் இப்படிப்பட்ட குறைகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு குறைகிறது.

ஆனால் எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 27,000க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2013ல் வெளியிட்ட ஆய்வில் 24 பரம்பரைக் கோளாறுகளை ஒப்பிட்டார்கள். பத்துக் கோளாறுகள் தூய இனங்களில் அதிகம். பதின்மூன்றில் வித்தியாசமே இல்லை. ஒன்று, அதாவது முழங்கால் தசைநார் கிழிவது, கலப்பினங்களில்தான் அதிகம். தொற்று நோய்களோ இனம் பார்ப்பதே இல்லை. தடுப்பூசி பற்றிய கேள்வியில் இதை விரிவாகச் சொல்கிறேன்.

குட்டியைப் பார்த்தே எவ்வளவு பெரிதாக வளரும் என்று சொல்ல முடியுமா?

உறுதியாக முடியாது. பாதம் பெரிதாக இருந்தால் நாயும் பெரிதாகும் என்பது பல சமயம் பொய்த்துவிடும். தாயைப் பார்ப்பது நல்லது. நான்கு மாதத்தில் உள்ள எடை, நடுத்தர அளவு நாய்க்கு வளர்ந்த எடையில் ஏறக்குறையப் பாதி என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஈற்றில் ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, ஒன்று சடை முடி என்று இருந்தால் குழம்ப வேண்டாம். ஒரு ஈற்றுக் குட்டிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தகப்பன்கள் இருக்க முடியும்.

இருபது நகம் உள்ள குட்டிதான் வீட்டுக்கு நல்லதாமே?

எண்ணிப் பாருங்கள். முன்னங்கால் ஒவ்வொன்றிலும் உயரத்தில் இருக்கும் சின்ன விரலையும் சேர்த்து ஐந்து, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு. பெரும்பாலான நாய்களுக்கு மொத்தம் பதினெட்டு. சில குட்டிகளுக்குப் பின்னங்காலிலும் அந்த உயர விரல் இருக்கும்; அப்போது இருபது. வீட்டுக்கு வரும் நன்மை தீமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த நகம் தரையில் உரசாததால் தேயாது. வளைந்து வளர்ந்து சதைக்குள் குத்தும். அதற்காக மட்டும் எண்ணுங்கள்.

பதினெட்டு நகம் என்பதற்காக நல்ல குட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

லாப்ரடார் கலப்பு சாந்தமாக இருக்கும், கோம்பை கலப்பு கடிக்கும். சரிதானே?

என்னிடம் வரும் கேள்விகளில் நான் அதிகம் நேரம் எடுத்துப் பதில் சொல்வது இதற்குத்தான். 2022ல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் குணம் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்தார்கள். நாய்க்கு நாய் தெரியும் குண வேறுபாட்டில், இனம் விளக்கக்கூடியது சுமார் 9 சதவீதம் மட்டும் என்று முடிவு வந்தது. ஆய்வில் பாதிப் பேர் கலப்பினங்கள். இனத்தின் பெயரை வைத்து ஒரு தனி நாயின் குணத்தைக் கணிப்பது எவ்வளவு தவறாகும் என்று இதிலிருந்து தெரிகிறது. பெற்ற தாயின் குணம், குட்டியாக இருந்தபோது கண்டது, நீங்கள் நடத்தும் விதம் எல்லாம் சேர்ந்துதான் நாய்.

குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை உள்ள காலம் மிக முக்கியமானது. அப்போது பார்த்துப் பழகியதை நாய் ஆயுள் முழுதும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். குழந்தைகள், குடை, தொப்பி வைத்தவர், ஜீப் சத்தம், கோயில் மேளம் என்று எல்லாவற்றையும் தூரத்திலிருந்து மெல்ல மெல்லக் காட்டுங்கள். பயந்தால் தூக்கி வந்துவிடுங்கள், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல் கையில் ஏந்தியே காட்டலாம்.

குட்டியைத் தேர்ந்தெடுக்க வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அரை மணி நேரம் தரையில் உட்காருங்கள், கூப்பிடாதீர்கள். ஒன்று உடனே ஓடி வரும். ஒன்று சுற்றிப் பார்த்துவிட்டு வரும். ஒன்று மூலையிலேயே இருக்கும். ஒரு சாவிக்கொத்தைத் தரையில் போடுங்கள். எல்லாமே திடுக்கிடும், திடுக்கிட்ட பிறகு எது திரும்ப வந்து முகர்கிறது என்று பாருங்கள். முதல்முறை நாய் வளர்க்கும் வீட்டுக்கு அந்தக் குட்டிதான் சரி.

கண் திறந்ததுமே குட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். எடுக்கலாமா?

கண் திறப்பது பத்து முதல் பதினான்கு நாளில். அப்போது எடுத்தால் பாலும் போகும், பழக்கமும் போகும். கடித்து விளையாடும்போது கூடப் பிறந்தது கத்துவதைக் கேட்டுத்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்கிறது. எட்டு வாரம் முடியட்டும்.

தடுப்பூசி எல்லாம் விலை உயர்ந்த நாய்க்குத்தானே?

இந்த எண்ணத்தால் செத்த குட்டிகளின் எண்ணிக்கையை நினைத்தால் தூக்கம் வராது. என் கையிலேயே ஒன்று போயிருக்கிறது. நாட்டுக் கலப்புதானே, உடம்பு தாங்கும், அடுத்த வாரம் போடலாம் என்று தள்ளிவைத்தேன். பார்வோ வந்தது. வாந்தி, ரத்தம் கலந்த பேதி, மூன்றாம் நாள் இல்லை. அது என் தவறு.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. அதில் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்குச் சேர்த்தே இருக்கும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு மாதம் வரை தொடர வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அதன் பிறகு வருடம் ஒருமுறை. குடற்புழு மருந்து முதல் மூன்று மாதத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மலைமேல் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் உண்டு. அதற்கான ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். அது மனிதருக்கும் தொற்றும்.

வீட்டுக் குட்டிதானே லேசாகப் பல் பட்டது, நமக்கு ஊசி எதற்கு?

வெறிநோய் குட்டிகளுக்கும் வரும். அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைக்க வைக்க மருந்து கிடையாது. அறிகுறிக்கு முன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். பல் பட்டாலும், நகம் கீறினாலும், புண்ணை நக்கினாலும் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காதீர்கள்.

அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள்கள். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினையும் மறக்காமல் கேளுங்கள். நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான். ஆனால் கவனித்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. 1885ல் பாரிசில் ஒரு சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலில் போட்ட ஊசி இது. நம் குன்னூரில் 1907லேயே பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகும் நம் ஊரில் யாரும் இந்த நோயால் சாக வேண்டியதில்லை.

சோறு போட்டு வளர்க்கலாமா? நாங்கள் சாப்பிடுவதையே கொடுக்கிறோம்.

சோறு மட்டும் போதாது. முட்டை, வேகவைத்த கோழி, மீன், ஈரல் என்று ஏதாவது சேர வேண்டும். குழம்பு ஊற்றாதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் குத்தும். சாக்லேட்டும் கூடாது.

நம் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது திராட்சை. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சை நமக்குப் பெருமை, நாய்க்கு விஷம். சில பழங்களே சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். எந்த நாய்க்கு எத்தனை பழம் தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. உலர்ந்த திராட்சை இன்னும் மோசம். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். புளியிலும் அதே அமிலம் நிறைய இருக்கிறது, ஆகவே புளிக்குழம்புச் சோறும் வேண்டாம். அறுவடையின்போது கொடிக்கு அடியில் உதிர்ந்து கிடப்பதை நாய் தின்றுவிட்டால், வாந்தி வரும்வரை பார்க்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஏலத்தோட்டத்துக்கு நாயையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

வேலைக்குப் போய்விட்டு மாலையே திரும்புவதாக இருந்தால் வேண்டாம். தங்கியிருப்பவர்கள் வளர்க்கிறார்கள், சில விஷயங்களில் கவனம் வேண்டும். ஏலத்துக்கு அடிக்கடி மருந்து அடிப்பார்கள். அடித்த அன்று நாயைக் கட்டிவையுங்கள். வாயில் நுரை தள்ளி, உடல் நடுங்கினால் விஷம் ஏறியிருக்கிறது. உண்ணி போக அந்தப் பயிர் மருந்தையே கலந்து நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் உண்டு. நாய் செத்துவிடும். உண்ணிக்கு என்றே நாய்க்கான மருந்து இருக்கிறது. உண்ணி கடித்து ஈறு வெளுத்து, காய்ச்சலோடு சிறுநீர் காபி நிறத்தில் போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அட்டைக்கு விரலிடுக்கையும் மூக்கையும் பாருங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் வந்தால் உள்ளே அட்டை ஏறியிருக்கலாம்.

இரவில் வெளியே கட்டாதீர்கள், சிறுத்தை வரும். காட்டுக்குள் அழைத்துப் போகவும் கூடாது. நாயிடமிருந்து டிஸ்டெம்பர் காட்டு விலங்குகளுக்குப் பரவும். 2018ல் குஜராத்தின் கிர் காட்டில் அந்த நோயால் சிங்கங்கள் செத்தன. நம் மேலே இருப்பது பெரியாறு புலிகள் காப்பகம். கேரளத்தில் நாய் வளர்க்கப் பஞ்சாயத்து உரிமம் வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். கலப்பினம் என்பதால் விலக்கு இல்லை.

குமுளியில் மலையாளத்தில் பழகிய நாய் எங்கள் வீட்டுத் தமிழைப் புரிந்துகொள்ளுமா?

மலைக்கு மேலே ‘பட்டி’ என்றால் நாய். கீழே நமக்குப் பட்டி என்றால் ஊர். ஆனால் ‘வா’, ‘போ’ இரண்டும் இரு மொழிக்கும் பொது. குழப்பம் வருவது ஒன்றில்தான்: மலையாளத்தில் ‘இரி’ என்றால் உட்கார், நாம் ‘இரு’ என்று நிற்கச் சொல்லும்போது அது உட்கார்ந்துவிடும். கோபிக்காதீர்கள், சொன்னபடிதான் கேட்டிருக்கிறது. சொல்லோடு கைச்சாடையும் சேர்த்துக் காட்டினால் ஓரிரு வாரத்தில் பழகிவிடும்.

பெண் குட்டி வேண்டாம், ஆண் இருந்தால் கொடுங்கள்.

சாக்கில் கட்டிப் போடப்படுபவை பெரும்பாலும் பெண் குட்டிகள் என்பதால் இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும். நாய் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் 63 நாள். அந்தத் தொல்லைக்கு வழி கருத்தடை அறுவை. ஆறு மாதத்துக்கு மேல் எப்போது செய்யலாம் என்று மருத்துவர் நாயைப் பார்த்துச் சொல்வார். கருப்பையில் சீழ் பிடிக்கும் உயிராபத்தும் அதோடு போய்விடும். காவலில் பெண் நாய் குறைந்ததில்லை. என் செவலை பெண்தான்.

எங்கள் கோம்பை ஒருமுறை தெரு நாயோடு சேர்ந்துவிட்டது. இனி வரும் ஈற்றிலும் அந்த ரத்தம் கலக்குமா?

கலக்காது. ஒவ்வொரு ஈற்றுக்கும் தகப்பன் அந்தந்தப் பருவத்தில் சேர்ந்த நாய்தான். முன்பு சொன்ன பல தகப்பன் விஷயமும் ஒரே பருவத்துக்குள் நடப்பதுதான். அந்தக் குட்டிகளைக் கொல்லாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள்.

லாப்ரடார், பூடில் கலப்பு என்று பெரிய விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?

1989ல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர், நாய் முடி ஒத்துக்கொள்ளாத வீட்டிலிருந்த பார்வையற்ற பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும் என்பதற்காக அந்தக் கலப்பை உருவாக்கினார். பிறகு அதை ஒரு வியாபாரமாக்கி உலகமெங்கும் கண்டபடி இனப்பெருக்கம் செய்ததைப் பார்த்து வருந்தினார். முடி உதிராது என்ற உத்தரவாதத்தை எந்தக் கலப்புக்கும் கொடுக்க முடியாது. முதல் ஈற்றிலேயே எல்லாக் குட்டிகளும் அப்படி அமையவில்லை. கலப்பினம் பிடித்திருந்தால் அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அந்தப் பணத்தில் தடுப்பூசி, கருத்தடை, பல வருடத்துக்கு உண்ணி மருந்து எல்லாம் முடிந்துவிடும்.

கட்டிப்போட்டு வளர்த்தால்தானே காவல் காக்கும்?

கட்டியே கிடக்கும் நாய் எல்லாவற்றையும் பார்த்துக் குரைக்கும். எது புதிது, எது பழையது என்று அதற்குக் கற்க வாய்ப்பே இல்லை. காலையும் மாலையும் கயிற்றோடு நடத்திக்கொண்டு போங்கள். வீட்டு மனிதரோடு சேர்ந்து இருக்கும் நாய்க்குத்தான் எதைக் காக்க வேண்டும் என்று தெரியும்.

குடும்பத்தோடு எஸ்டேட்டுக்குக் குடிபோகிறோம். நாய் பிழைத்துக்கொள்ளும்தானே, தெருவிலேயே விட்டுவிடலாமா?

பிழைக்காது. ஊட்டி வளர்த்த நாய்க்குத் தெருவில் இடம் பிடிக்கத் தெரியாது; அங்கிருக்கும் நாய்கள் விடவும் செய்யாது. கலப்பினம் எதையும் தாங்கும் என்ற பேச்சு இங்கே வந்து நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் கறுப்பும் சாம்பலுமாக ஒரு நாய், தன் வீட்டார் ஏறிப்போன ஜீப் நிற்கும் இடத்திலேயே பதினோரு நாள் படுத்திருந்தது. ஒவ்வொரு ஜீப்பும் இறங்கும்போது எழுந்து நின்று, இறங்குகிற ஒவ்வொருவர் காலையும் முகர்ந்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும். சோறு கொண்டுபோய் வைத்தால் ஜீப் வரும் நேரத்தில் அதைத் தொடாது.

கூட்டிப்போக வழி இருந்தால், எஸ்டேட் பற்றி மேலே சொன்னவற்றைச் செய்துவிட்டுக் கூட்டிப்போங்கள். வழியே இல்லை என்றால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது வந்து சொல்லுங்கள். அதற்குள் ஒரு வீடு பார்த்துவிடலாம். அது படுக்கும் சாக்கையும், ஊசி போட்ட அட்டையையும் கூடவே கொடுங்கள். எந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் என்றும் சொல்லுங்கள்.